மேக்காட்டு முள்விறகு

சீமைக்கருவேல மரத்தைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால், என் வயதுக்காரர்கள் நீங்களே என்னோடு சண்டைக்கு வருவீர்கள். தண்ணீரைக் குடித்துவிடும், புல்லை வளர விடாது, கண்மாயை அடைத்துவிடும் என்று நீங்கள் சொல்வதில் எதையும் நான் மறுக்கவில்லை. எங்கள் கிணற்றடியில் முளைத்ததைப் பிடுங்க வேண்டும் என்று என் மகன் சொன்னபோது நானும்தான் கூட நின்று பிடுங்கினேன். ஆனால் நமக்குப் பத்துப் பதினோரு வயது இருக்கும்போது மழை பொய்த்ததே, அந்த வருசத்தை நீங்கள் மறந்திருக்க முடியாது. அந்த வருசம் எங்கள் தெருவில் அடுப்பு எரிந்தது எதனால் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். அப்புறம் திட்டுங்கள்.

எங்கள் ஊர் ராசிங்காபுரத்துக்கும் பொட்டிபுரத்துக்கும் இடையில், மலையைப் பார்த்த மேட்டில் இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் மழை கொட்டுவது எங்களுக்குக் கண்ணாலேயே தெரியும். உச்சியில் மேகம் கறுத்துப் படுத்திருக்கும். இறங்கி வராது. அதன் காற்று மட்டும் வந்து, காயப் போட்ட துணியைக் கொடியோடு பிடுங்கிப் போகும். மேற்கே எங்களுக்கு ஒரு மானாவாரி நிலம் இருந்தது. மானாவாரி நிலத்தைக் காடு என்பது எங்கள் வழக்கம். அதனால் அதற்கு மேக்காடு என்று பெயர். மூன்று வருசமாக அதில் விதை விழவில்லை. முன்பு ஒரு தடவை அப்பா அதில் ஆட்டுக் கிடை போட்டிருந்தார். எங்கெங்கோ மேய்ந்த ஆடுகள். அவற்றின் புழுக்கையோடு வந்த கருவேல விதை, உழாத நிலத்தில் ஆள் உயரத்துக்கு முள்ளாக எழுந்து நின்றது. மஞ்சள் நெற்றுகள் கொத்துக்கொத்தாகத் தொங்கும். ஆட்டோடு சேர்ந்து நாமும் அதைச் சப்பியிருக்கிறோம். லேசாக இனிக்கும்.

தை முடிந்ததும் அப்பா மலைக்குப் புறப்பட்டார். கிணற்றில் வாளி தரையில் மோதும் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது. மாடுகளைக் கொடுத்தாகிவிட்டது. போடியிலிருந்து ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகும் ஜீப்பில் இடம் சொல்லி வைத்திருந்தார்கள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"மேக்காட்டை அப்படியே விட்டுறாத. சித்திரையில நல்லாக் காஞ்சு கெடக்கும். தீயை வச்சுக் கொளுத்திரு. நான் வந்து வேரைத் தோண்டிக்கிறேன்."

"சரி," என்றாள் அம்மா. அம்மா அதிகம் பேசமாட்டாள்.

அதன் பிறகு வீட்டில் மூன்று பேர். அம்மா, நான், அத்தை. அத்தை அப்பாவின் தங்கை. கட்டிக் கொடுத்த இடத்தில் சரிப்படாமல் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டவள். பெரியப்பா அவளை "சும்மா உக்காந்து திங்கிறவ" என்றுதான் சொல்வார். அத்தை அதைக் காதில் போட்டுக்கொள்ளமாட்டாள். ஒரு நாளும் அவள் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

பஞ்சம் என்றால் சோறு இல்லாததைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் நொய் இருந்தது. ரேசன் கடையில் கோதுமை போட்டார்கள். அதை வேகவைக்கத்தான் ஒன்றும் இல்லை. நினைத்துப் பாருங்கள், நாம் எதை எரித்துக்கொண்டிருந்தோம்? பருத்திச் செடி காய்ந்த மாரு, சோளத் தட்டை, துவரைக் குச்சி, வறட்டி. வெள்ளாமை இல்லாத வருசத்தில் மாரும் இல்லை, குச்சியும் இல்லை. மாடு போன பிறகு சாணியும் இல்லை. மிச்சம் இருந்தது மலை. தெருப் பெண்கள் எல்லோரும் விடிவதற்கு முன் மலைச்சரிவுக்கு ஏறி, காய்ந்த கம்பைக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு வெயிலுக்கு முன் இறங்குவார்கள். அதுவரை விறகுக்கு மலை ஏறியிராத அம்மாவும் அவர்களோடு சேர்ந்துகொண்டாள்.

மாசியில் சரிவில் புல் தீப்பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் எங்கள் வீட்டு வாசலில் கருகிய புல் துணுக்குகள் பறந்து வந்து விழுந்தன. அது அணைந்து ஒரு வாரம் கழித்து, பள்ளிக்கூடம் இல்லாத நாளில், அம்மாவோடும் அத்தையோடும் நானும் போனேன். அம்மா பழைய சேலையைச் சுருட்டி எனக்கும் ஒரு சும்மாடு செய்து தலையில் வைத்துவிட்டாள். போகும்போது அது எனக்குக் கிரீடம் மாதிரி இருந்தது.

இறங்கி வரும்போது பாதையின் குறுக்கே பாரஸ்ட் கார்டு நின்றார். ஏழெட்டுப் பெண்கள் வரிசையாக நின்றுவிட்டோம்.

"எறக்குங்க," என்றார்.

எல்லோரும் கட்டை இறக்கினார்கள்.

"மலையில தீப் புடிச்சு இன்னும் பத்து நாள் ஆகல. யாரு போட்ட பீடியோ, யாரு மூட்டுன அடுப்போ, பதில் சொல்றது நான். இனி யாரும் ஏறக்கூடாதுன்னு உத்தரவு. அருவாளக் குடுத்துட்டுப் போங்க."

ஒரு அக்கா அழுதே விட்டாள். அம்மா தன் வெட்டரிவாளை அவர் காலடியில் வைத்துவிட்டு, என் தலையிலிருந்த சும்மாட்டை எடுத்து உதறி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அன்று மாலை எங்கள் தெருவில் புகையே எழவில்லை. தண்ணீரில் ஊறப் போட்ட கம்புத் தானியத்தை வெல்லத்தோடு மென்று தின்றோம். நான் அதைப் புதுப் பலகாரம் என்று நினைத்துச் சந்தோசமாகத் தின்றேன். இன்னும் கொஞ்சம் கேட்டேன். அம்மா தன் பங்கை என் கிண்ணத்தில் போட்டாள். அப்போது எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

மறுநாள் காலையில் அம்மா எங்களை மேக்காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வரப்பில் நின்று வெகுநேரம் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த விறகை அப்போது யாரும் வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை. அது சுடுகாட்டு விறகு, அதன் புகை பட்டால் கண் போகும், முள் குத்தினால் கால் அழுகும் என்றெல்லாம் சொல்வார்கள்.

"என்ன மதினி யோசன?" என்றாள் அத்தை.

"அவுக கொளுத்தச் சொன்னாக."

"கொளுத்தத்தான போறோம். அடுப்புல வச்சுக் கொளுத்துவோம்."

அம்மா சிரித்துவிட்டாள். அப்பா போன பிறகு அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

முள்ளை வெட்டுவது எளிதான சோலி இல்லை. ஒரு கிளையைத் தொட்டால் ஒன்பது கிளை வந்து சேலையைப் பிடித்துக்கொள்ளும். அரிவாள் வேறு பறிபோயிருந்தது. அத்தைதான் வழி கண்டுபிடித்தாள். வீட்டில் கிடந்த பழைய அரிவாளைத் தீட்டி, நீளமான ஒரு கவட்டைக் கம்பை இடது கையில் பிடித்துக்கொண்டாள். கவட்டையால் கிளையைத் தள்ளி அழுத்திக்கொண்டு, அடியில் ஒரே வெட்டு. வெட்டியதைக் கையால் தொடாமல் கவட்டையாலேயே இழுத்துப் போட்டு, முள் கிளைகளைக் கழித்துத் தள்ளினாள். உள்ளே கட்டைவிரல் பருமனில், மணிக்கட்டுப் பருமனில் கம்புகள் கிடைத்தன. டயர் செருப்பு போட்டுக்கொண்டு நான் கழித்த முள்ளை வரப்போரம் தள்ளினேன்.

அடுப்பில் வைத்தபோது முதலில் புகைந்தது. பச்சைக் கம்பின் நுனியில் செந்நிறமாக நுரை கட்டி, உஸ் என்று சத்தம் வந்தது. அம்மா ஊதாங்குழலை வாயிலிருந்து எடுக்கவே இல்லை. பிறகு பிடித்துக்கொண்டது பாருங்கள், அப்படியொரு தீ. மாரு மாதிரி பொசுக்கென்று எரிந்து முடிந்துவிடாமல் நின்று எரிந்தது. கஞ்சி இறக்கிய பிறகும் கங்கு கனன்றுகொண்டே இருந்தது. அதில் மூன்று மிளகாயைச் சுட்டு, உப்பு வைத்து நசுக்கி, அம்மா எங்களுக்குக் கொடுத்தாள். அவள் கண் சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. புகையால்தான் என்று அவளே சொன்னாள்.

ஒரு வாரம் காயவைத்தால் புகை இல்லை என்பதையும், முழங்கால் உயரத்துக்கு அடியை விட்டு வெட்டினால் ஒரு மாதத்தில் பத்துக் குருத்து கிளம்பும் என்பதையும் அம்மாவும் அத்தையும் தாங்களாகவே கண்டுகொண்டார்கள். முள் என்னையும் விட்டுவைக்கவில்லை. செருப்பைத் துளைத்துக்கொண்டு குதிகாலில் ஏறி, கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிக் காய்ச்சல் வந்து, போடி ஆஸ்பத்திரியில் கீறி எடுத்தார்கள். அங்கே இன்றும் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கிறது. ஆகையால் அந்த மரத்தின் கெட்ட குணம் எனக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

சித்திரை வந்தது. ஒரு காலையில் பெரியப்பா கையில் காய்ந்த பனையோலைக் கட்டோடு மேக்காட்டுக்கு வந்தார். அப்பாவின் அண்ணன். அவர் நிலம் எங்கள் நிலத்துக்கு அடுத்தது. நாங்கள் மூவரும் உள்ளே வெட்டிக்கொண்டிருந்தோம்.

"தம்பி எங்கிட்டயும் சொல்லிட்டுத்தான் போயிருக்கான். சித்திரையில கொளுத்தணும்னு. வெளிய வாங்க எல்லாரும்."

அம்மா அரிவாளைக் கீழே வைத்தாள். "எங்கிட்டயும் சொல்லிட்டுத்தான் போனாக மச்சான்."

"பெறகென்ன?"

"நாளைக்கு எதை வச்சுக் கஞ்சி காச்சுறது?"

"முள்ள எரிச்சுத் திங்கிற வீடு வெளங்குமா? இது பூராம் என் காட்டுக்குப் பரவுனா யாரு புடுங்குறது? நெலத்த முள்ளுக்குக் குடுத்துட்டு நாளைக்கு எம் தம்பி எங்க போயி உழுவான்?"

"வயித்துக்குத் தெரியுதா மச்சான், எந்த விறகுல காச்சுனதுன்னு? உங்க வரப்போரம் ஒரு செடி வராம நான் பாத்துக்கிறேன்."

பெரியப்பா தீப்பெட்டியை எடுத்தார். அம்மா திரும்பி நடந்து, வெட்டிய கட்டைகளுக்கு நடுவே, முள்ளின் நடுவில், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அத்தையும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கட்டுப் போட்ட காலோடு நான் வரப்பில் நின்றுகொண்டிருந்தேன். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் எனக்கு அழுகை வந்தது.

"கொளுத்துறதுன்னாக் கொளுத்துங்க," என்றாள் அம்மா, அவரைப் பார்க்காமல். "நாங்க இங்கனதான் இருப்போம்."

அவர் ஓலையை வீசி எறிந்துவிட்டுப் போனார். "இன்னைக்கே அவனுக்குக் கடுதாசி போடுறேன்," என்று சொல்லிக்கொண்டே போனார். போட்டார் என்பது பிறகு தெரிந்தது.

ஆனியில் பள்ளிக்கூடம் திறந்தார்கள். நம் பள்ளிக்கூடத்து மஞ்சள் உப்புமா உங்களுக்கு நினைவிருக்கும். மக்காச்சோள மாவு, மேலே கொஞ்சம் எண்ணெய். அந்த வருசம் பாதிப் பிள்ளைகளுக்கு அது ஒன்றுதான் வயிறு நிறைகிற சாப்பாடு. திறந்த மூன்றாம் நாள் மணி அடித்ததும் தட்டை எடுத்துக்கொண்டு ஓடினோம். சமைக்கிற அக்கா கழுவிய அண்டாவுக்குப் பக்கத்தில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள்.

வாத்தியார் வந்து என்னவென்று கேட்டார்.

"மாவு மூட்ட மூட்டையாக் கெடக்கு சார். மலையையும் அடச்சுட்டாங்க. நான் என் கையவா அடுப்புல வைக்க?"

வாத்தியார் எங்களைப் பார்த்து, "ஆளுக்கு ஒரு குச்சி கொண்டாங்க," என்றார். மறுநாள் வந்தது என்ன தெரியுமா? உடைந்த கட்டில் கால் ஒன்று, இரண்டு தென்னை மட்டை, ஒரு பையன் கொண்டுவந்த கிட்டிப்புள். அண்டாத் தண்ணீர் சூடாகக்கூட இல்லை. அந்தக் கிட்டிப்புள்ளுக்கு உரியவன் பசியோடு வெறும் தட்டை நக்கிக்கொண்டிருந்ததை நான் வீட்டில் வந்து சொன்னேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் அத்தையின் தலையில் ஒரு கட்டு, அம்மாவின் தலையில் ஒரு கட்டு, என் தலையில் ஒரு சின்னக் கட்டு. மூன்று பேரும் வரிசையாகப் பள்ளிக்கூடத்துக்குப் போய் அடுப்படியில் இறக்கினோம். சமைக்கிற அக்கா முள் விறகைப் பார்த்து ஒரு நிமிடம் தயங்கினாள். பிறகு எடுத்து அடுப்பில் செருகினாள். அன்று மத்தியானம் உப்புமா கிண்டும் வாசனை வகுப்புக்குள் வந்தபோது வாத்தியார் பாடத்தை நிறுத்திவிட்டார்.

அதற்குப் பிறகு தெருப் பெண்கள் மேக்காட்டு வரப்பில் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. சும்மா வந்தவர்கள் மாதிரி முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அம்மா தலை நிமிராமல் சொன்னாள்.

"யாரு வேணும்னாலும் வெட்டிக்கங்க. முழங்காலுக்கு மேல வெட்டுங்க. அடி நம்ம தெருவுக்கே வேணும். கழிச்ச முள்ள எங்க மச்சான் வரப்போரமாப் போடாதீங்க, ஒரு நெத்து அங்கிட்டு விழக்கூடாது."

அவ்வளவுதான் சட்டம். ஒருவரும் மீறவில்லை. காலையில் நாலு வீடு, மாலையில் நாலு வீடு என்று அவர்களே முறை வைத்துக்கொண்டார்கள். கவட்டைக் கம்பு பிடிக்க எல்லோருக்கும் அத்தை பழக்கிக் கொடுத்தாள். "வாழாவெட்டி" என்று முன்பு அவள் முதுகுக்குப் பின்னால் பேசியவர்களே "அக்கா, இதக் கொஞ்சம் புடியேன்" என்று அவளைத் தேடி வந்தார்கள்.

ஒரு நாள் மத்தியானம், ஆள் இல்லாத நேரம் பார்த்து, முக்காடு போட்டுக்கொண்டு ஒருத்தி ஓடைப் பக்கமாக வந்தாள். கிட்டே வந்தபோது பார்த்தால் பெரியம்மா. பெரியப்பாவின் மனைவி. அம்மா ஒன்றும் கேட்கவில்லை. காய்ந்த கட்டாகப் பார்த்து எடுத்துத் தூக்கிவிட்டாள்.

"உங்க மச்சானுக்குத் தெரிய வேண்டாம்டி," என்றாள் பெரியம்மா.

"தெரியாது. நீங்க வெரசாப் போங்க, கஞ்சிக்கு நேரமாச்சு."

நாலு மாதம் பெரியப்பா எங்கள் முள்ளில் வெந்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, சாவடியில் உட்கார்ந்து எங்கள் முள்ளைத் திட்டிக்கொண்டிருந்தார். அது தெரிந்த நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்நாளில் நான் காப்பாற்றிய முதல் ரகசியம் அது.

ஆடிக் காற்றில் ஒரு நாள் பாரஸ்ட் கார்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். வெட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் பயந்து நிமிர்ந்தார்கள். அவர் கேரியரிலிருந்து ஒரு சாக்கை இறக்கி அவிழ்த்தார். பறித்துப் போன அரிவாள்கள். துரு ஏறாமல் எண்ணெய் தடவி வைத்திருந்தார்.

"அவங்கவங்களது பாத்து எடுத்துக்கங்க."

எடுத்துக்கொண்டோம். அவர் போகவில்லை. தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்.

"எங்க வீட்டுலயும் அடுப்பு எரியணும்லம்மா. மலையில ஒரு குச்சி நான் எடுத்தா ஊரு சும்மா இருக்குமா? கைப்புள்ளக்காரி ஒருத்தி வீட்டுல இருக்கா. வெந்நீருக்குக்கூட வழியில்ல."

அவருக்கு வீடு இருக்கும், அதில் அடுப்பு இருக்கும் என்று எங்களில் யாரும் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை. அம்மா கவட்டைக் கம்பை அவரிடம் நீட்டினாள். அவர் இரண்டு வெட்டு வெட்டுவதற்குள் காக்கிச் சட்டையின் கை கிழிந்துவிட்டது. அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அவளே அவருக்கு ஒரு கட்டு வெட்டி, சைக்கிளில் வைத்துக் கட்டிக் கொடுத்தாள். ஐப்பசி வரை வாரத்துக்கு ஒரு கட்டு அவர் வீட்டுக்குப் போனது.

புரட்டாசியில் அப்பா வந்தார். மலைக் காய்ச்சல் கண்டு பாதி ஆளாக இருந்தார். தோளில் எஸ்டேட் கம்பிளி. அதில் ஏலக்காய் வாசனையும் புகை வாசனையும் கலந்திருந்தது. வீட்டுக்கு வராமல் நேராக மேக்காட்டுக்குப் போயிருக்கிறார். வெட்ட வெட்டத் துளிர்த்து, அடி பெருத்து நின்ற முள்ளைப் பார்த்திருக்கிறார். ஊர்ப் பெண்கள் நாலு பேர் அதில் விறகு வெட்டிக்கொண்டு நின்றதையும் பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவர் அம்மாவிடம் பேசவில்லை. கொளுத்தச் சொன்னதை அம்மா செய்யவில்லை. பெரியப்பாவின் கடிதமும் போயிருக்கிறது. என்ன நடக்கப் போகிறதோ என்று நான் அத்தையின் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

அம்மா கஞ்சியை ஆற்றிக் கொண்டுவந்து வைத்தாள். அப்பா கும்பாவைக் கையில் எடுத்தார்.

"இது எந்த விறகுல காச்சுனது?"

"நம்ம மேக்காட்டு விறகுதான்," என்றாள் அம்மா.

அப்பா கும்பாவைக் கீழே வைத்துவிட்டார்.  தலையைக் குனிந்துகொண்டார். பிறகு கும்பாவை எடுத்து, நிறுத்தாமல், கடைசிச் சொட்டு வரை குடித்தார். அப்புறமும் பேசவில்லை. பத்து நாள் பேசவில்லை. அப்பாவுக்கு அம்மா மேல் கோபம் என்றுதான் நான் நினைத்தேன். பல வருசம் அப்படியே நினைத்திருந்தேன்.

அப்பா தளர்ந்து படுத்த காலத்தில் ஒரு நாள் கேட்டேன், "அன்னைக்கு ஏம்ப்பா அம்மா மேல அம்புட்டுக் கோவம்?"

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "கோவமா? யாரு சொன்னா? ஏலக்கா ஸ்டோர்ல எனக்கு அடுப்புச் சோலி தாயி. காய் ஒலரணும்னு நாளெல்லாம் கட்ட கட்டையா உள்ள தள்ளிக்கிட்டே இருப்பேன். நல்ல சாதி மரம். இங்க நீங்க முள்ளப் பொறுக்கிக் கஞ்சி காச்சுறீகன்னு அண்ணன் கடுதாசியப் பாத்துத்தான் தெரியும். அங்க அம்புட்டு எரிச்சேன், எம் வீட்டு அடுப்ப நான் நெனைக்கவே இல்லையே. உங்க அம்மா மூஞ்சியில எப்படி முழிக்கிறது?"

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். வெட்கத்தைக் கோபம் என்று நினைத்து, அந்த மனுசனிடம் எத்தனை நாள் ஒதுங்கி ஒதுங்கி இருந்துவிட்டேன். நம்மில் பலர் நம் அப்பாக்களை இப்படித்தான் தப்பாகப் படித்திருப்போம் என்று இப்போது தோன்றுகிறது.

ஐப்பசி பிறந்து ஐந்தாம் நாள் மழை வந்தது. கிழக்கே இருந்து வந்தது. முதலில் மண் வாசனை, பிறகு ஓட்டில் ஒன்றிரண்டு சத்தம், பிறகு எதுவும் கேட்காத இரைச்சல். மூன்று நாள் பெய்து ஓய்ந்தது. ஓடையில் தண்ணீர் சிவப்பாக ஓடியது. அம்மாவே பத்து நாள் மௌனத்தை உடைத்து, "மழ வந்துருச்சு. இனி புடுங்க வேண்டியதுதான்," என்றாள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. முள்ளுக்காகத் தீக்கு நடுவே உட்காரத் துணிந்தவள், ஒரு வருத்தமும் இல்லாமல் அதைச் சொன்னாள். "ஓடையோரம் மட்டும் ஒரு வரிசைய விட்டு வைங்க. அடுத்து எப்படி இருக்குமோ."

அப்பா தலையாட்டிவிட்டுக் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனார். கருவேல அடியைத் தோண்டியவர்களுக்குத் தெரியும், வேர் எங்கே போகிறது என்று முடிவே தெரியாது. காய்ச்சலில் கிடந்து எழுந்த உடம்பு. அன்று முழுக்கத் தோண்டியும் அடிக்கட்டை மூன்றுதான் வந்தது. மாலையில் கை கொப்பளித்து வந்து உட்கார்ந்தார். ஈரம் காய்வதற்குள் விதைக்க வேண்டும். இந்த வேகத்தில் போனால் அந்த மழையும் வீண்தான். அது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 

மறுநாள் விடிந்ததும் அப்பாவோடு நாங்களும் போனோம். மேக்காட்டில் ஏற்கெனவே ஆட்கள் நின்றார்கள். சமைக்கிற அக்காவும் அவள் வீட்டுக்காரரும், மலையில் அழுத அந்த அக்கா, கிட்டிப்புள் கொண்டுவந்த பையனின் அய்யா, எங்கள் தெருவில் முறை வைத்து வெட்டிய அத்தனை வீட்டு ஆட்களும். ஆளுக்கொரு கடப்பாரை, மண்வெட்டி. யாரும் யாரையும் கூப்பிட்டதாக எனக்குத் தெரியவில்லை. அப்பா வரப்பில் திகைத்து நின்றார்.

"என்னப்பா இதெல்லாம்?" என்றார்.

"நாங்க வெட்டித் தின்ன முள்ளுண்ணே. நாங்கதான புடுங்கணும்," என்றார் சமைக்கிற அக்காவின் வீட்டுக்காரர்.

பெரியப்பா வரமாட்டார் என்றுதான் நினைத்தோம். வெயில் ஏறும் நேரம் சங்கிலிச் சத்தம் கேட்டது. அவர் காளைகளை ஓட்டிக்கொண்டு வந்தார். கூடவே பெரியம்மா, தலையில் கூழ்ப்பானையோடு. யாரையும் பார்க்காமல், தோண்டி வைத்திருந்த ஒரு பெரிய அடியில் சங்கிலியைக் கட்டி மாட்டை அதட்டினார். அடி முனகிக்கொண்டு பெயர்ந்து வந்தது. மத்தியானம் கூழ் குடிக்கும்போது அம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னார்.

"எம் பொண்டாட்டி எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாம்மா."

"என்னத்த மச்சான்?" என்றாள் அம்மா, ஒன்றும் தெரியாதவள் மாதிரி.

அவர் கும்பாவுக்குள் பார்த்துச் சிரித்தார். அத்தை பானையைச் சாய்த்து அவருக்கு இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். "குடிண்ணே," என்றாள். அவளை "சும்மா உக்காந்து திங்கிறவ" என்று அதற்குப் பிறகு அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

நாலு நாளில் நிலம் வெளியே வந்துவிட்டது. தோண்டிய அடிகளை வண்டி வண்டியாக வீடுகளுக்குப் பிரித்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்துக்குத்தான் முதல் வண்டி. ஐந்தாம் நாள் பெரியப்பாவின் மாட்டைப் பூட்டி அப்பா உழுதார். மூன்று வருசம் மூடிக் கிடந்த மண், கறுப்பாகப் புரண்டு விழுந்தது. உதவிக்கு வந்த எல்லோரும் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் வீட்டில் முதல் விதையை அப்பாதான் போடுவார். அவருக்கு முன் அவருடைய அப்பா போட்டிருக்கிறார். அன்று சோள விதைப் பெட்டியை எடுத்துக்கொண்டு நிலத்தின் நடுவுக்குப் போனவர், அங்கேயே நின்றார். பிறகு திரும்பி, அத்தனை பேருக்கும் கேட்கும்படி அம்மாவைக் கூப்பிட்டார்.

"இந்தா, இங்க வா."

அம்மா புரியாமல் போனாள். அப்பா பெட்டியை அவள் இடுப்பில் வைத்தார்.

"நீ போடு."

"நானா? எனக்குப் பழக்கமில்லைங்க."

"நீதான காப்பாத்துன. நீயே போடு."

 அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.  ஒரு பிடி அள்ளினாள். மலையைப் பார்த்து ஒரு தடவை, எங்களைப் பார்த்து ஒரு தடவை. பிறகு கையை வீசினாள். முதல் பிடி கொஞ்சம் கிட்டத்திலேயே விழுந்துவிட்டது. அடுத்த பிடி சரியாக விரிந்து விழுந்தது. அவள் முன்னால் போட்டுக்கொண்டே நடக்க, பாதியாய் இளைத்த அப்பா ஏரைப் பிடித்துக்கொண்டு, அவள் போட்ட விதையை மூடிக்கொண்டு பின்னாலேயே நடந்தார்.